மாடிப்படிக்குக் கீழே கிடந்த மோட்டார்

என் மகன் கடலில் மோட்டார் ஓடாமல் ஒரு பகல் முழுக்க மிதந்து கிடந்தான். அதன் பிறகு அந்த மோட்டாரைப் பழவேற்காட்டிலிருந்து ஒரு சின்ன வேனில் ஏற்றி, திருநின்றவூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கரையில் விட்டுவைத்தால் யாராவது சரிசெய்து மறுபடி படகில் மாட்டிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். "இங்கயே பாத்துக்கலாம்ணே, உடு" என்று தம்பி எவ்வளவோ சொன்னான். நான் கேட்கவில்லை. மூன்று வாரம் அது மாடிப்படிக்குக் கீழே, கீழ்வீட்டுக்காரர்களின் சைக்கிளுக்கும் தண்ணீர் கேன்களுக்கும் நடுவில், சாக்கு போர்த்திக் கிடந்தது. மண்ணெண்ணெய் வாடை படியேறி எங்கள் சமையலறை வரைக்கும் வந்தது. என் மனைவி ஊதுபத்தியை வழக்கத்தைவிட அதிகம் கொளுத்தினாள்.

படகு எங்கள் அப்பாவுடையது. அவருக்குப் பிறகு எனக்கும் தம்பிக்கும் பொது. பொது என்பது பேச்சுக்குத்தான். பாலிடெக்னிக் படிக்கக் கரையைவிட்டு வந்த நான் திரும்பிப் போகவில்லை. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறிய பத்தாவது நிமிடம் வாந்தி எடுப்பேன், சின்ன வயதிலிருந்தே. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராக இருக்கிறேன். சின்ன இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அளவுகோலில் வைத்துப் பார்த்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை இன்னொரு தட்டிலும் போடும் வேலை. இருபத்தேழு வருடமாக இதைச் செய்கிறேன். எதைப் பார்த்தாலும் இதில் என்ன கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். வீட்டில் இதற்காக எனக்குக் கெட்ட பெயர்.

மகனுக்கு இருபத்தாறு வயது. பொறியியல் படித்தவன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை போனபோது, "ரெண்டு மாசம் சித்தப்பாகூடக் கடலுக்குப் போய்ட்டு வரேன்பா" என்று போனான். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டாயா என்று கேட்பதை நான் நிறுத்தி ஆறு மாதம் இருக்கும். அதற்குப் பதிலாகத் தினமும் போன் செய்ய ஆரம்பித்தேன்.

எங்கள் கம்பெனியில் பத்து மணிக்கு டீ இடைவேளை. அவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய் வலை விட்டிருப்பார்கள். கரையைவிட்டு ரொம்பத் தூரம் போகாத நாட்களில் டவர் கிடைக்கும். "நல்லாகீறியா?" "நல்லாகீறேன்பா." "சாப்ட்டியா?" "ஆச்சிபா." அவ்வளவுதான், அரை நிமிடம். அந்த அரை நிமிடம் இல்லாவிட்டால் அப்புறம் எனக்குக் கை ஓடாது.

அன்று ரயிலில் போகும்போதே போனில் காற்று எச்சரிக்கை ஒன்றைப் படித்துவிட்டேன். பத்து மணிவரை பொறுக்க முடியவில்லை. ஒன்பதரைக்கே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. உடனே மறுபடியும் அடித்தேன். இரண்டாவது முறை எடுத்து, "காத்துலாம் ஒண்ணும் இல்லபா. வேலையா கீறேன், வெச்சிடு" என்றான். வைத்துவிட்டேன்.

மதியம் மூன்று மணிக்குத் தம்பி மனைவி கூப்பிட்டாள். "மாமா, இன்னும் படகு வர்ல. ரெண்டு பேர் போனும் போவல." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அம்பத்தூரிலிருந்து பழவேற்காடு போய்ச் சேர்ந்த வழி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. பொன்னேரியில் பஸ் மாறினேன் என்பது மட்டும், டிக்கெட் சட்டைப் பையில் இருந்ததால், பிற்பாடு தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வேறொரு படகு அவர்களைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. மகன் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான். உதடு உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. நான் கையைப் பிடித்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கியது. மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை அது அறுந்து போகும்வரை இழுத்திருக்கிறார்கள். அதற்குள் நீரோட்டம் அவர்களை வடக்கே, டவர் எட்டாத தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

"மோட்டாரு செத்துட்சிணே" என்றான் தம்பி, என் முகத்தைப் பார்க்காமல்.

ஆகவே நல்ல மோட்டார் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கடலுக்கே போகாதே என்று சொல்ல ஆசைதான். சொன்னால் வீம்புக்கே கடலுக்குப் போய்விடுவான் என்று தெரியும். நம்பகமான மோட்டார் ஒன்று கிடைக்கும்வரை வீட்டில் இரு என்றேன். அதற்கு மட்டும் சம்மதித்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அலைந்தோம். கம்பெனியின் ஆய்வுத்தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிவைத்திருந்தேன்: எத்தனை குதிரைச் சக்தி, எவ்வளவு எடை, பெட்ரோல் மட்டுமா அல்லது மண்ணெண்ணெயிலும் ஓடுமா, உதிரிபாகம் எங்கே கிடைக்கும். நூம்பலில் ஒருவர் வெள்ள காலத்தில் மீட்புப் படகுகளுக்கு மோட்டார் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய கிடங்கில் கிட்டத்தட்டப் புதிது மாதிரியே ஒன்று இருந்தது. ஒரு கீறல் கிடையாது. நான் குனிந்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியின் இதழ்களைத் தடவிப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கொண்டுபோயிருந்த அளவுகோலை எடுத்து அச்சின் ஆட்டத்தைப் பார்த்தேன். இதற்கு முன் எங்கே ஓடியது, எத்தனை மணி நேரம், யார் ஓட்டியது என்று கேட்டுக்கொண்டே போனேன்.

அவர் என் மகனைப் பார்த்துச் சொன்னார்: "அப்பா மோட்டாரு பாக்க வந்தாரா, மாப்ள பாக்க வந்தாரா?"

"மாப்ளயா இருந்தா இந்நேரம் ஓடிப்போயிருப்பாரு" என்றான் மகன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். மகன்தான் மோட்டாரின் தலையிலிருந்து விசிறிவரை சாண் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆவாதுபா" என்றான். "தண்டு குட்டை. வெள்ளம் வந்த தெருவுல, ஏரியில ஓட்டலாம். நம்ம படகுல மாட்டுனா அலை தூக்குற ஒவ்வொரு வாட்டியும் விசிறி வெளிய வந்துடும்." இருபத்தேழு வருடம் அளவெடுத்தவன் நான். ஆனால் எந்த அளவை எடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது ஞாயிறு நசரத்பேட்டைக்குப் போனோம். பெங்களூர் நெடுஞ்சாலையைவிட்டு உள்ளே தள்ளி ஒரு ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் செய்கிற இடம். அதன் ஒரு மூலையில் காசிமேட்டில் பல வருடம் மோட்டார் பழுது பார்த்த ஒரு மெக்கானிக், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி ஊரான இங்கே வந்து, படகு மோட்டார்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று மகன் சொன்னதால், மாடிப்படிக்குக் கீழே கிடந்ததையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம்.

அவரிடம் தோதான மோட்டார் ஒன்று இருந்தது. எங்களுடையதைப் போலவே மண்ணெண்ணெயில் ஓடுவது, அதே வகை, தண்டு நீளம். என் கட்டங்களை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க சார். புதுசு அப்பறம் பாக்கலாம். இது இன்னாத்துக்குச் செத்துச்சினு பாக்க வேணாமா?"

"அது பழசு. ஒத்துழைக்கல" என்றேன்.

"பழசுனா நானுந்தான் பழசு" என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றினார். பிளக்கை எடுத்தார், கறுத்து ஈரமாக இருந்தது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதில் கிடந்ததை விரலில் தொட்டு முகர்ந்தார். கிண்ணத்தைத் துடைத்து மாட்டினார். வேறு பிளக் போட்டார், அறுந்த கயிற்றை மாற்றினார், பெட்ரோல் டப்பாவின் குழாயைச் செருகினார். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது.

புகை பட்டறை முழுக்கப் பரவியது. டிரம் தண்ணீர் கொதிப்பதுபோல் குதித்தது. மூன்று வாரம் நான் சாக்குப் போட்டு மூடிவைத்த மோட்டார் அது.

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல நைனா" என்றார் மகனிடம். "கிருஷ்ணாயில்லயே ஆஃப் பண்ணிகீறே."

பிறகு எனக்கு விளக்கினார். இந்த வகை மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்கு முன்பு மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை சில நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அப்படியே நிறுத்திவிட்டால் ஆறிய பிறகு கிளம்பாது. இழுக்க இழுக்க பிளக் நனைந்துகொண்டே போகும். கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்றார். கரையில் பிறந்த எனக்குத் தெரியவில்லை.

"தெரியாதவன் மாரி தெர்ல. அப்பறம் ஏன் டக்குனு நிறுத்துனே? வலை கிலை மாட்டிகிச்சா?"

மகன் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இல்லண்ணே. போன் வந்துச்சி. மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

"அடப்பாவி. லவ்வா?"

அவன் என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாண்ணே. ஒரே லவ்வு தொல்லை."

மெக்கானிக் பெரிதாகச் சிரித்தார். "கேட்டீங்களா சார்? புள்ள உங்களாண்ட சொல்லிகீறானா இத? தபாரு நைனா, அந்தப் பொண்ணாண்ட கண்டிசனா சொல்லிடு. கடல்ல கீறப்ப போன் பண்ணாதம்மா, கரைக்கு வந்து நானே பண்றேன்னு. நல்ல பொண்ணா இருந்தா புரிஞ்சிக்கும்."

"சொல்றேண்ணே."

என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்துவிட வேண்டும் போல் இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அதன் பிறகு எந்த மோட்டார் வாங்கலாம் என்று நான் கேட்கவேயில்லை. மெக்கானிக்கே சொன்னார். உங்கள் கரையில் எல்லாரும் வைத்திருக்கும் வகையையே வாங்குங்கள், கெட்டால் பக்கத்துப் படகில் பிளக்காவது கிடைக்கும் என்றார். தன்னிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு பழையதை மாற்றுக்குக் கொடுக்காமல் கூடவே வைத்திருக்கவும் சொன்னார். ஒன்று நின்றால் இன்னொன்று. நான் தலையாட்டினேன். என் ஆய்வுத்தாள் அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. அதில் மோட்டாரை நிறுத்துவதைப் பற்றி ஒரு கட்டமும் இல்லை.

திரும்பும்போது லோடு ஆட்டோவின் பின்னால் இரண்டு மோட்டார்களுக்கும் நடுவில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். பூந்தமல்லி நெரிசலில் வண்டி நின்றபோது கேட்டேன்.

"தினமும் இப்படித்தான் நிறுத்துவியா?"

"தினமும் பத்து மணிக்கு முன்னாடியே பெட்ரோலுக்கு மாத்திட்டு ரெடியா இருப்பேன்பா. சித்தப்பாவே சொல்லுவாரு, டேய், உங்கப்பா டீ குடிக்கிற நேரம்டான்னு. அன்னிக்கி நீ சீக்கிரம் பண்ணிட்ட."

"எடுக்காம உட்டிருக்கலாமே."

"உடுவியா நீ? மூணாவது வாட்டி சித்தப்பாவுக்குப் போடுவ. அப்பறம் சித்திக்கு. ஊரே கரையில நிக்கும்."

"தம்பிக்கும் தெரியுமா?"

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவர்தான் சொன்னாரு. நீ தாங்க மாட்டியாம்."

ஆவடி தாண்டியதும் அவன் புது மோட்டாரின் மீது தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். சின்ன வயதில் பஸ்ஸில் தூங்கியதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன். தோல் புதிதாக வளர்ந்து, அந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை அவன் மறுபடி கடலுக்குப் போனான். கரைக்கு வந்ததும் அவனே கூப்பிடுவது என்று ஏற்பாடு. பத்து மணிக்கு மணி அடித்தது. எல்லாரும் டீக்குப் போனார்கள். நான் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை எழுந்து லாக்கர்வரை போய்விட்டுத் திரும்பினேன். மனம் சமாதானமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மண்ணெண்ணெய், பெட்ரோல், மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று மண்டைக்குள் யாரோ குழாயைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு மேற்பார்வையாளர் வந்து என் மேசை அருகில் நின்றார். "இன்னா சார், இன்னிக்கி எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிகீறீங்க? மெசின்ல எதுனா கோளாறா?" பார்த்தேன். தேறாத தட்டு நிரம்பி வழிந்தது. தேறிய தட்டில் ஒன்பதோ பத்தோ இருந்தன. ஒரு வளையத்தை எடுத்து அளந்தேன். அளவு சரியாக இருந்தது. அடுத்ததும் சரியாகவே இருந்தது. பாத்துச் சொல்றேன் சார் என்றேன்.

ஒன்றரைக்கு லாக்கரைத் திறந்தபோது அவனிடமிருந்து தவறிய அழைப்பு ஒன்று இருந்தது, ஒன்று பத்துக்கு. கூப்பிட்டேன். கரையில் காக்கைகளும் ஏலச் சத்தமும் கேட்டன.

"வந்துட்டேன்பா. கூப்டேன், நீதான் எடுக்கல."

"லாக்கர்ல இருந்துச்சு. பெட்ரோலுக்கு மாத்திட்டு நிறுத்துனியா?"

"மாத்திட்டுத்தான் நிறுத்துனேன். வலை பிரிக்கணும், வெக்கவா?"

"வை."

அவன் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு மேசைக்குத் திரும்பி, தேறாத தட்டை முன்னால் இழுத்து, முதல் வளையத்திலிருந்து மறுபடியும் அளக்க ஆரம்பித்தேன்.