டெயில் டிரம்முக்கு அடித்த கார்டு

1. கை கிழிந்த காரணம்

"மிஷினு ஒண்ணும் செய்யலண்ணே. அதுக்குக் காவலுக்குப் போட்ட வலைதான் கிழிச்சிருச்சு."

லூர்துமேரி தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டி இப்படிச் சொன்ன நாளில்தான் அந்த நார் மில்லுக்குள் முதன்முதலாக நுழைந்தேன். சின்னமனூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற மில். பெயர் வேண்டாம். அப்போது அல்லிநகரத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருந்தேன். கேட், கிரில், ஷெட் வேலைகளோடு மில்களுக்கு மெஷின் கார்டும் அடித்துக் கொடுப்பேன். பெல்ட், கியர், உருளை போன்ற ஓடுகிற பாகங்களில் யாரும் கை வைத்துவிடாமல் மறைக்கும் கூண்டுக்குத்தான் கார்டு என்று பெயர்.

தேங்காய் மட்டையைப் பீட்டர் என்ற மெஷினில் அடித்து நாராக்கும் மில் அது. அடிபட்ட நார் கன்வேயர் பெல்ட்டில் ஏறிச் சல்லடைக்குப் போகும். பெல்ட்டின் கீழ்முனையில் சுழலும் உருளையை டெயில் டிரம் என்போம். சிந்துகிற நாரெல்லாம் அதில்தான் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுற்று பருத்துவிட்டால் பெல்ட் ஒரு பக்கமாக ஓடிக் கிழிந்துவிடும். அதனால் சுற்றிய நாரை அவ்வப்போது உருவி எடுக்க வேண்டும். அந்த வேலை லூர்துமேரியுடையது. பக்கத்துக் கிறிஸ்தவ ஊரிலிருந்து மில் வேனில் வருகிற பெண்களில் ஒருத்தி. புருஷன் கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தான்.

ஏற்கெனவே யாரோ அந்த டிரம்முக்கு ஒரு கார்டு அடித்திருந்தார்கள். சாதாரண எக்ஸ்பாண்டட் மெஷ். இரும்புத் தகட்டில் வரிசையாக வெட்டுக் கொடுத்து இழுத்தால் வைரக்கல் வடிவில் கண் கண்ணாக விரியும். அப்படி விரியும்போது ஒவ்வொரு கம்பியும் கொஞ்சம் சாய்ந்து, ஒரு விளிம்பு மேலே எழும்பி நிற்கும். நடைபாதைக்கும் படிக்கும் அது நல்லது, செருப்பைப் பிடித்துக்கொள்ளும். கை படுகிற இடத்தில் அதுவே அரிவாள்மணை. அதோடு, எழும்பிய விளிம்பில் நார் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொள்ளும். அந்த நாரைப் பிய்த்தபோதுதான் அவள் உள்ளங்கை கிழிந்திருந்தது.

"ஏப்பா செல்வராசு, கண்ணை மறைக்காத மாதிரி, கையைக் கிழிக்காத மாதிரி ஒண்ணு போட்டுக் குடு" என்றார் முதலாளி தனசேகர். அவர் கெட்டவர் இல்லை. வேனில் வருகிற பெண்களுக்குத் தேவாலயத் திருவிழாவுக்கும் வீரபாண்டித் திருவிழாவுக்கும் கேட்காமலே லீவு விடுகிறவர்.

2. தட்டை மெஷ்

விரித்த மெஷ்ஷை உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தினால் எழும்பிய விளிம்பெல்லாம் படிந்து தகடுபோலச் சமமாகிவிடும். கடையில் ஃபிளாட்டன்டு மெஷ் என்று கேட்க வேண்டும். பட்டறையில் தட்டை மெஷ் என்போம். கையை வைத்துத் தேய்த்தாலும் கீறாது. சேலை மாட்டாது. துணி போட்டு ஒரு துடை துடைத்தால் நார்த்தூள் அத்தனையும் வந்துவிடும். உள்ளே உருளை ஓடுவதும் தெரியும். அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

கண்ணின் அளவுதான் தலைவலி. சின்னக் கண் என்றால் நார்த்தூள் அடைத்து உள்ளே ஒன்றும் தெரியாது, ஆட்கள் கார்டைக் கழற்றிவிடுவார்கள். பெரிய கண் என்றால் விரல் உள்ளே போகும். சுண்டுவிரல் நுழையாத கண்ணாக எடுத்தேன். டிரம்முக்கும் மெஷ்ஷுக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விட்டேன். கண்ணின் நீளவாட்டம் ஒரு சட்டத்திலிருந்து எதிர்ச் சட்டத்துக்கு ஓடும்படி வைத்தேன். திருப்பி வைத்தால் நடுவில் தொய்ந்துவிடும். வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் எந்த மெஷ்ஷிலும் கத்திதான். அவற்றைப் பட்டைக்குள் வைத்துப் பற்றவைத்து, கிரைண்டரால் தேய்த்துவிட்டேன்.

மாட்டிய அன்று லூர்துமேரி கார்டின் மேல் கையை வைத்து மேலும் கீழும் தடவிப் பார்த்தாள்.

"சிலேட்டு மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

மீதித் துண்டைக் கன்வேயருக்கு ஏறுகிற படியில் போடச் சொன்னார் முதலாளி. மாட்டேன் என்றேன். தட்டை மெஷ் நடக்கிற இடத்துக்கு ஆகாது. ஈர மட்டை வருகிற மில்லில் சோப்புபோல வழுக்கும். அதை ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னேன். "மொதலாளி, கார்டு மட்டும் பத்தாது. டிரம்மை ஒட்டி நாரைச் சுரண்டி விடுற ஒரு ஸ்கிரேப்பர் பட்டை வச்சா நாரு சுத்துறதே பாதி கொறஞ்சிரும். பக்கத்துலயே ஒரு ஸ்டாப் சுவிட்சும் வேணும். உருவணும்னா நிப்பாட்டிட்டு உருவட்டும்."

"அதுக்கு மில்லை நிப்பாட்டணுமேப்பா. இப்ப லோடு கேட்டுக்கிட்டே இருக்காக. சீசன் முடியட்டும், செய்வோம்."

சீசன் முடிந்ததும் நானே போய் நினைவுபடுத்தினேன். அடுத்த சீசன் முடியட்டும் என்றார்.

3. கார்டு இறங்கியது

மில்லை ஓட்டுகிற ஆபரேட்டர் பாண்டி. நாலு போல்ட் போட்டிருந்த கார்டைத் திறந்து நார் எடுக்க நேரமாகிறது என்று அவன்தான் முதலில் கூப்பிட்டான். நியாயமான குறை. போல்ட்டை எடுத்துவிட்டு ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கம் கையாலேயே திருகுகிற ஒரு காது நட்டு மட்டும் போட்டுக் கொடுத்தேன். மெஷினை நிறுத்து, நட்டைத் திருகு, கதவுபோலத் திற, நாரை எடு, மூடு. அவ்வளவுதான்.

அடுத்த முறை வேறு வேலையாகப் போனபோது, கார்டு கீலிலிருந்து தூக்கப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. டிரம் மூடியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. லூர்துமேரி ஒரு கொக்கிக் கம்பியால் நாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே பாண்டி, ஏன்டா இதைக் கழட்டிப் போட்ட?"

"நிப்பாட்டுனா பீட்டர்ல மட்டை அடைச்சுக்கிருதுண்ணே. மறுபடி எடுக்க அரை மணியாகுது. மொதலாளி என்னையத்தான வைவாரு?"

லூர்துமேரி கம்பியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "தெனமும் காலைல நான் மாட்டுறேண்ணே. மத்தியானத்துக்குள்ள எடுத்துருறான். கேட்டா, நீ வேலைக்கு வந்தியா, வாத்தியார் வேலைக்கு வந்தியாங்குறான்."

நானும் அவளும் சேர்ந்து கார்டைத் தூக்கி மாட்டினோம். முதலாளியிடமும் சொன்னேன். பாண்டியைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சத்தம்போட்டார். பாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்றைக்கும் லோடு லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

4. மதியம் வந்த போன்

மழைக்காலத்தில் ஒரு மதியம் முதலாளி போன் செய்தார். குரல் சரியில்லை. "செல்வராசு, உடனே வா. டெயில் டிரம் கார்டைப் பாக்கணும்." வேறு எதுவும் சொல்லவில்லை.

போய் இறங்கியபோது மில் நின்றிருந்தது. அந்த மில்லைச் சத்தமில்லாமல் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பெண்கள் எல்லோரும் வேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். கார்டு சுவரில் சாய்ந்திருந்தது.

"லூர்துமேரிக்குக் கை மாட்டிக்கிருச்சு" என்றார் முதலாளி. "தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காக. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல இருந்து பாக்க வருவாக. நீ கீலை ஒருதடவை பாத்து, எண்ணெய் போட்டு, கார்டை மாட்டிக் குடுத்துட்டுப் போ."

"அது மாட்டியா இருந்துச்சு, மொதலாளி?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு நாப்பது குடும்பம் இருக்குப்பா இங்கன" என்றார்.

நான் மாட்டவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு நின்றேன். ஆனால் அந்தக் கார்டை மாட்ட நான் எதற்கு? யார் வேண்டுமானாலும் தூக்கி மாட்டுகிற மாதிரி நான்தானே செய்து கொடுத்திருந்தேன். பாண்டி வந்தான். ஒரு பழைய துணியால் மெஷ்ஷைத் துடைத்தான். ஒரே துடைப்பில் தூசியெல்லாம் போய்விட்டது. கீலில் இறக்கினான், நட்டைத் திருகினான். முன்பு இருந்த பழைய மெஷ்ஷாக இருந்தால் சுவரோரம் கிடந்த அழுக்கும் நாரும் கண்ணுக்குக் கண் பிடித்துக்கொண்டு, வெகுநாள் கழற்றிக் கிடந்ததைக் காட்டிக் கொடுத்திருக்கும். என் கார்டு, அன்றுதான் செய்ததுபோலச் சுத்தமாக, சட்டத்துக்குச் சட்டம் சரியாக உட்கார்ந்தது. நல்ல வேலை என்று நான் நினைத்துச் செய்ததெல்லாம் அந்தப் பொய்க்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நின்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவள் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

5. விசாரணை

வந்து பார்த்த அதிகாரியிடம், கார்டு இருந்தது, அவளே திறந்து கையை விட்டாள் என்று முதலாளியும் பாண்டியும் சொன்னார்கள். மற்றப் பெண்கள் தாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. மறுநாளும் அதே வேனில் ஏற வேண்டியவர்கள்.

யாரும் கூப்பிடாமல் நானே ஆபீசுக்குப் போனேன். அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"கார்டு சுவத்துல சாஞ்சிருந்ததை நான் பாத்தேன் சார்."

"எப்பப் பாத்தீங்க? ஆக்சிடென்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"கையை வெளிய எடுக்கறதுக்காகக் கார்டைக் கழட்டினோம்னு அவுங்க சொல்றாங்களே?"

கையை எடுக்கக் கழற்றித்தான் ஆக வேண்டும். முன்பு பலமுறை கழற்றிக் கிடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அன்றைக்குக் கழற்றிக் கிடந்ததா என்று கேட்டார். அன்றைக்கு நான் அல்லிநகரத்தில் ஒரு வீட்டுக் கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தேன். கழற்றிக் கிடந்தது என்று லூர்துமேரி சொன்னதற்குச் சாட்சி இல்லாமல், தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது.

6. அவள் கேட்டது

சில மாதம் கழித்து அவள் ஊருக்குப் போனேன். கேரளாவிலிருந்து புருஷன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். வீட்டு வாசலில் உட்கார்ந்து, இடது கையால் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். துணியைக் கல்லின் மேல் காலால் அமுக்கிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையை இழுத்து வலப்பக்கத்தை மூடிக்கொண்டாள்.

"வாங்கண்ணே. டீ போடக்கூட முடியல. தப்பா நெனைக்காதீக."

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"கை போனதுகூடப் பெருசில்லண்ணே. கோயில்ல ஒக்காந்திருக்கேன், பின்னாடி ரெண்டு பேரு பேசிக்கிறாக. வலை போட்டிருந்துச்சாம், இவதான் தெறந்து கையை விட்டாளாம்னு. தெனமும் அதைத் தூக்கி மாட்டுனவ நானு. என் ஊருக்குள்ளயே என்னைய நம்பல."

"நான் ஆபீசுல போய்ச் சொன்னேன், தாயி."

"சொன்னீகன்னு கேள்விப்பட்டேன். நீங்க பாத்தீக, சொன்னீக." சோப்பு நுரையைத் துணியிலிருந்து வழித்துவிட்டாள். "சொல்லி என்னண்ணே ஆச்சு?"

கொண்டுபோன பழத்தைத் திண்டில் வைத்துவிட்டு வந்தேன். அதன்பின் அந்த ஊர்வழி பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் தெரு வரும் பக்கம் பார்ப்பதில்லை. மில் ஓடுகிறது. டிரம்முக்கு ஸ்கிரேப்பர் பட்டையும் ஸ்டாப் சுவிட்சும் இப்போது வைத்துவிட்டார்கள் என்று பாண்டி சொன்னான். அவன் அங்கே வேலையை விட்டுவிட்டான்.

தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் எத்தனை எம்.எம். தகடு, எந்த அளவு கண், தட்டையா எழும்பியதா என்று கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். அதெல்லாம் தெரிய வேண்டியதுதான். ஆனால் அளவெடுக்கப் போகிற இடத்தில் டேப்பை எடுக்கும் முன்னால் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று பாருங்கள். அந்த இடத்துக்குள் யாருடைய கை போகிறது, எதற்காகப் போகிறது என்று பாருங்கள். கை போக வேண்டிய காரணத்தை ஒழிப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்ய விடமாட்டேன் என்று முதலாளி சொன்னால், நீங்கள் எவ்வளவு நல்ல மெஷ்ஷில் கார்டு அடித்துக் கொடுத்தாலும் யாருக்காக அடிக்கிறீர்கள் என்பதை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் வலை இருந்தது என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் இருக்கிற வலை நான் செய்தது.