செல்வின் அண்ணாச்சியின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும்

செல்வின் அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்... தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அழ வேண்டியதை அழுதாயிற்று. இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக, சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். முழுக்கப் படியுங்கள், பாதியில் ஆர்.ஐ.பி. போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

தெரியாதவர்களுக்கு... எங்கள் கடற்கரை மியூசியத்தில் நிற்கிறதே, நேவியிலிருந்து ரிட்டயர் ஆன ரோந்து விமானம், அதற்கு மெக்கானிக், வாட்ச்மேன், மாமியார் எல்லாமே அவர்தான். நாசரேத்துக்காரர். சர்வீஸில் இதே ரக விமானத்துக்கு எலக்ட்ரீசியன். நான் அங்கே டிக்கெட் கொடுத்துச் சுற்றிக் காட்டுகிறவள்.

சனிக்கிழமை தோறும் அதை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுவார். "உப்புக் காத்து அலுமினியத்தத் தின்னுரும் ஏளா, பைப்பப் பிடி" என்பார். நான் புதுச் சுடிதாரில் போனால் எனக்கும் குளியல்தான்.

சாத்தான்குளத்திலிருந்து வந்த ஒரு டீச்சர், இது இன்னும் பறக்குமா என்று கேட்டார். "பறக்காது டீச்சர், ரிட்டயர் ஆயிட்டு. ஆனா காது நல்லாக் கேக்கும், பையப் பேசுங்க."

பாவம், அந்த டீச்சர் வெளியே போகும்வரை கணவரிடம் கிசுகிசுவென்றுதான் பேசினார்.

அண்ணாச்சிக்கு ஒரே ஆசை. இறக்கை விளக்குகள் எரிய வேண்டும், அது கடலிலிருந்து தெரிய வேண்டும். காலமெல்லாம் கடலுக்கு மேலே பறந்தவள் அவள்... விமானத்தை 'அவள்' என்றுதான் சொல்வார்.

பழைய வயரையெல்லாம் உருவிப் போட்டு, மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்து வேலை பார்த்தார். ஒரு நாள் அந்தி நேரம் சுவிட்சைப் போட்டார். இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை. நான் கத்தியே விட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து.

படகுக்கும் இதே விளக்குதான், இடது சிவப்பு, வலது பச்சை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் எதிரே ஒரு படகு நேராக நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். எங்கள் விமானமோ மூக்கைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கரை திரும்பிக்கொண்டிருந்த அத்தனை பேரும் குழம்பிப் போனார்கள்.

வள்ளத்துக்கார அந்தோணி அண்ணன் கரையேறிய கையோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மியூசியத்துக்கு வந்தார்.

"யாருவே அது, தரையில படகு ஓட்டுதது? நானும் வழி விடுதேன் விடுதேன், வந்தபாட்டக் காணோம்."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கடலில் இருப்பவர்களைக் குழப்பக் கூடாது என்று மறுநாளே துறைமுகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். விளக்குகளின் கடல் பக்கத்தைத் தகரம் அடித்து மறைத்தோம். ரோட்டிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்.

தகரத்தை அவரே வெட்டினார். முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்... "ரோட்டுல போற பஸ்ஸுக்கா ஏளா இவ வெளக்குக் காட்டணும்?"

எனக்கு அழுகையாக வந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மதியம் அந்தோணி அண்ணன் போன் செய்தார்.

"ஏளா, சாயங்காலம் அந்தத் தகரத்தக் கழத்திட்டு வெளக்கப் போடு. துறைமுகத்துல பேசியாச்சு, இன்னைக்கு ஒரு பொழுதுக்குச் சரின்னுட்டாவ. எல்லா போட்டுக்கும் வயர்லெஸ்ல சொல்லியாச்சு, ஒருத்தனும் குழம்ப மாட்டான்."

என்னவென்று சொன்னீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

"கரையில செகப்பும் பச்சையும் தெரிஞ்சா பதறாதிய, நம்ம செல்வின் அண்ணாச்சி வாராவ, வழி விட்டு நில்லுங்கன்னு சொன்னேன்."

இப்போது ஏணி மேல் உட்கார்ந்துதான் டைப் செய்கிறேன். ஒரு தகரத்தைக் கழற்றியாயிற்று, இன்னொன்று பாக்கி. பக்கத்தில் இருக்கிறவர்கள் இருட்டுவதற்குள் கடற்கரைக்கு வந்துவிடுங்கள்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி... எல்லாரும் ஒதுங்கி நிக்காவ.