அப்பாவின் கெலாடிச் செடிகள்

என் அப்பா யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. கெலாடி இலைகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். பண்டமாரானில் எங்கள் வீட்டு முன்புறத்தில், கார் நிறுத்த வேண்டிய இடம் முழுக்க அவருடைய தொட்டிகள்தாம். சேம்பு இனம்தான் என்றாலும் இது சமைக்கிற கிழங்கல்ல, இலையின் அழகுக்காக வளர்ப்பது. வெள்ளைத் தாளில் பச்சை நரம்பு வரைந்தாற்போல் ஒன்று, இளஞ்சிவப்புத் துளிகள் தெறித்தாற்போல் ஒன்று, நடுவில் ரத்தச் சிவப்பாக இன்னொன்று. உச்சி வெயில் பட்டால் இலை கருகிவிடும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிவிட்டு வந்ததும், வேர்த்த சட்டையைக்கூடக் கழற்றாமல் அவற்றின் முன் குந்திக்கொள்வார். "தொடாத, சாறு பட்டா அரிக்கும்." அந்த நாள்களில் அவர் என்னிடம் அதிகம் பேசியது இவ்வளவுதான்.

அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு குறைந்து, கடைசியில் சண்டை மட்டுமே மிஞ்சியிருந்தது. எனக்கு ஒன்பது வயதானபோது, ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு பையோடு கிளம்பிப் போனார். முதலில் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

அம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. என்னையும் ஊற்ற விடவில்லை. "வளத்தவரே வந்து ஊத்தட்டும்" என்றார். மழையில்லாத மாதம் அது, புகைமூட்டம் வேறு. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தண்டோடு மடங்கி, மண்ணில் ஒட்டிக்கொண்டன. நான் அழுதேன். "செத்துப் போச்சு, விடு" என்ற அம்மா, தொட்டிகளை மட்டும் தூக்கிப் போடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அம்மா தொழிற்சாலைக்குப் போயிருந்த நேரத்தில், அப்பா வந்தார். வேறு யாருடையதோ ஒரு காரில் வந்திருந்தார். ஓடிப்போய் கேட்டைத் திறந்தேன்.

"அம்மா இல்லையா?"

"காலை ஷிப்ட் பா."

தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். செருப்பைக் கழற்றவில்லை. பேப்பரை விரித்து ஒரு தொட்டியைக் கவிழ்த்தார்.

"எல்லாம் செத்துப் போச்சு பா" என்றேன் பயந்துகொண்டே.

"யாரு சொன்னா? தூங்குது லா. இங்க பாரு." காய்ந்த மண்ணைக் கிளறி, உருண்டையான ஒரு கிழங்கை என் உள்ளங்கையில் வைத்தார். அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. அன்று அரிக்கும் என்று அவர் சொல்லவில்லை.

என் வாழ்க்கையில் அப்பாவோடு சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். அவர் தொட்டிகளைக் கவிழ்த்தார். நான் மண்ணை உதறினேன். பட்டாணி அளவுக் கிழங்குகளைக்கூட விரலால் துழாவி எடுத்தேன். "கண்ணு நல்லாத் தெரியுதே உனக்கு" என்றார். அவர் கொண்டுவந்திருந்த, மரத்தூள் நிரப்பிய பெட்டியில் அவற்றை அடுக்கினோம். மைலோ கலக்கிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். பெட்டியைக் காரில் ஏற்றினார். "படி, என்ன" என்றார். கார் முனை திரும்பும்வரை கையாட்டினேன்.

மத்தியானம் அம்மா கேட்டைத் திறக்கும்போதே கத்தினேன். "மா! கெலாடி சாகலமா! அப்பா வந்தாரு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனாரு!"

அம்மா காலித் தொட்டிகளைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள வந்தாரா?"

"இல்லமா."

"என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரே. நீங்க இல்லையான்னு கேட்டாரு."

"ஒண்ணாவது விட்டுட்டுப் போனாரா?"

"ஒண்ணுகூட விடல. சின்னதெல்லாம் நான்தான் தேடிக் கொடுத்தேன்" என்றேன் பெருமையாக.

அம்மா வேலைச் சீருடையோடு நேராக அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிக்காமல் கறுப்புக் குப்பைப் பையில் திணித்தார். எல்லாவற்றையும் அப்பாவுக்கு அனுப்பத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய், அங்கே தூசியில் கிடந்த அவருடைய ஒற்றைக் காலுறையைத் தேடியெடுத்து, அதையும் பைக்குள் போட்டேன்.