கண்ணாடிக்குப் பின்னால் கற்பூரம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குச் சேரப்பணஞ்சேரியில் மூன்று மாடி கட்டி, ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிற தெற்கத்திப் பையன்களுக்கு ரூம் விட்டிருக்கிறேன். செங்கல் முதல் செப்டிக் டேங்க் வரை என் சம்பாத்தியம். ஆனால் அவர்களிடம் நான் பீற்றிக்கொள்வது வீட்டைப் பற்றி அல்ல. சின்ன வயசிலேயே மெட்ராஸ் ஸ்டுடியோவில் பம்பை மேளம் அடித்தவன் என்பதைத்தான்.

அப்பா உடுக்கை, மாமா பாட்டு, சித்தப்பா பம்பை. ஆடி மாதத்தில் எங்களைக் கேட்காமல் எந்த அம்மனும் கோயிலை விட்டு இறங்க மாட்டாள். எங்கள் பாட்டைக் கேசட் போட மெட்ராஸிலிருந்து கூப்பிட்ட நேரம் பார்த்துச் சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை. பம்பை என் கைக்கு வந்தது. என் அடி கேசட்டில் வரப்போகிறது என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஸ்டுடியோவில் சுவரெல்லாம் மெத்தை. நடுவே பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர். பாட்டு முடிந்ததும் அவர் கையை இறக்குவார், உடனே நிறுத்த வேண்டும் என்றார்கள். இறக்கினார். அப்பாவும் மாமாவும் நிறுத்தினார்கள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள். மறுபடியும் அப்படித்தான்.

சவுண்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "தம்பி, கை காட்டுனா நிறுத்தணும்பா. டேப் வீணாவுது."

"கற்பூரமே காட்டல சார். அம்மாவ வரவெச்சிட்டு அப்பிடியே வுட்டுட்டு எந்திரிக்கச் சொல்றீங்களா?"

அம்மனை அழைத்து அடிக்க ஆரம்பித்தால், கற்பூரம் காட்டும்வரை பம்பை ஓயக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு அது சட்டம்.

"இங்க நெருப்பு வெச்சா மெத்தையெல்லாம் எரிஞ்சிபூடும்" என்றார் அவர். "இன்னொரு வாட்டி பாப்பேன். அப்புறம் வேற ஆள வெச்சி அடிச்சிக்கறேன்."

"இன்னாடா உன்னோட பேஜாரு! மானத்த வாங்காதடா" என்று மாமா பல்லைக் கடித்தார். ஊருக்குப் போய் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பேன்? அதற்காக அம்மனை நடுவில் விடவும் முடியாது.

மூன்றாவது தடவை. பாட்டு முடிந்தது, கை இறங்கியது, நான் அடித்துக்கொண்டே இருந்தேன். சவுண்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நொடி கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுடர் எழுந்தது. மனசுக்குள் கும்பிட்டுக் கையை நிறுத்தினேன்.

அப்பா எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். ஏதோ பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அந்தச் சுடர் வந்தது. நானும் கச்சிதமாக நிறுத்தினேன். பொழுது சாய்வதற்குள் கேசட் முடிந்தது.

மெட்ராஸ்காரனையே அம்மனுக்குக் கற்பூரம் காட்ட வைத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். மாமா சிரித்தார். அப்பா, "ஆமா, காட்டுனாரு" என்றதோடு சரி.

முதல் தடவை சவுண்டுக்காரர் எரிச்சல் தாங்காமல் சிகரெட்தான் பற்றவைத்தார் என்பது எனக்கு மீசை முளைத்த பிறகே உறைத்தது. அடுத்த பாட்டுகளுக்கு அவர் உதட்டில் சிகரெட் இல்லை. வெறும் தீக்குச்சியைக் கிழித்து, நான் பார்க்கும்வரை, விரல் சுடும்வரை, தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை அம்மனுக்கு என்றே நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.