கரை வேலை

சந்தாபுராவைத் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். செங்கல் சூளை வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். அங்கே ஏரிக்குள் இறங்கிச் செங்கல்லுக்கு மண் வெட்டுவது என் வேலை. வெட்ட வெட்ட, மாடுகள் இறங்கித் தண்ணீர் குடித்த சரிவு செங்குத்தான பள்ளமாகிவிட்டது. மழை பெய்து அது நிறைந்ததும் தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு சினைப்பசு, ஏற முடியாமல் செத்துப்போனது.

"பள்ளம்னு மாட்டுக்குத் தெரிய வேணாவா?" என்றார் சூளைக்காரர்.

மாட்டுக்குத் தெரிந்தது பழைய ஏரி. ஏரியைக் கெடுக்கும் வேலைக்கு இனிப் போவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

பெங்களூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காலையில் தின்ற களியோடு சரி. டீக்கடை ஓரம் ஒரு மேஸ்திரி கன்னடத்தில் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கெரெ கெலசா இதே. நாளெ பர்த்தியா?"

கெலசா இதே என்றால் வேலை இருக்கிறது, நாளெ பர்த்தியா என்றால் நாளை வருவாயா. சூளையில் எல்லோரும் தமிழர்கள் என்பதால் அதற்கு மேல் கன்னடம் எனக்கு வரவில்லை. கரைதான் கன்னட வாயில் கெரெ ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் வட ஆர்க்காட்டில் கரை வேலை என்றால், உடைந்த ஏரிக்கரைக்கு மண் போட்டு மிதிப்பது. இப்படி ஒரு வேலை என்னைத் தேடி வந்ததே என்று தலையாட்டினேன். அன்று ரயில் நிலையத்து ஓரம் பசியோடுதான் படுத்தேன். தூக்கம் நன்றாகவே வந்தது.

காலையில் போன இடத்தில் ஏரி இருந்தது. கரையில் உடைப்பு எதுவும் இல்லை. லாரிகள் மண்ணும் இடிந்த சுவரும் கொட்டியிருந்தன. பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தண்ணீருக்குள் போட்டார்கள்.

"எந்தக் கரை உடைஞ்சிதுக்கா?" என்று தமிழ் பேசிய ஒருத்தியைக் கேட்டேன்.

"கரையா? கன்னடத்துல கெரென்னா ஏரிப்பா. ஏரியத்தான் மூடுறோம், வூடு கட்ட. கரைய மட்டும் வெச்சிக்கினு இன்னா பண்ணுவ, ஊறுகா போடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"மழ வந்தா? ஏரி இல்லன்னு தண்ணிக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீ இங்கயே குந்திக்கினு இரு. வந்தா சொல்லு."

கேட்ட பிறகுதான், சூளைக்காரர் மாட்டைப் பற்றிப் பேசியது போலவே நானும் தண்ணீரைப் பற்றிப் பேசியது உறைத்தது. மண் வெட்டுவதையும் சுமப்பதையும் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. வயிறு வேறு காந்தியது. மேஸ்திரி ஒரு கூடையைக் காட்டினார். எடுத்துக்கொண்டேன். முதல் கூடையைக் கவிழ்த்ததும், போக இடமில்லாத தண்ணீர் என் கால்மேல் ஏறிற்று.