அக்கா எழுதிவைத்த அறை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் தாராவிச் சனங்களுக்கும் தங்கை எழுதிக்கொள்வது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எழுத்தில் பிழை இருக்கலாம். சொல்லும் சேதியில் இல்லை.

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தார்கள். பிள்ளை இல்லை, அத்தானும் சீக்கிரமே போய்விட்டார்கள். முறுக்குச் சுற்றி மாட்டுங்கா கடைகளுக்குப் போட்டு, அந்தக் காசில் இந்த ஒற்றை அறையை வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் இறந்தபின் என்னையும் கூட வைத்துக்கொண்டார்கள்.

குடிசைகளை இடித்து மாடி வீடு கட்டப் போவதாக அளவெடுத்து, கதவில் நம்பர் எழுதிப் போனார்கள். அதன்பிறகுதான் அத்தானின் தம்பி மகனுக்குப் பெரியம்மா நினைவு வந்தது.

"பெரியம்ம, ஒங்களுக்குக் கொள்ளி வைக்கப்போறது நாந்தான? அப்ப வீடு யாருக்கு?"

"ஏல, கொள்ளி வைக்க வீடா கூலி? அப்படின்னா சயான் சுடுகாட்டுக்காரன் பாதி பம்பாய வாங்கிருப்பாம்ல!"

மறுநாளே அக்கா என்னை இழுத்துக்கொண்டு குர்லாவில் ஒரு வக்கீலிடம் போனார்கள். பிள்ளையில்லாத விதவை எழுதிவைக்காமல் போனால், அவள் சம்பாதித்ததும் புருஷன் வீட்டாருக்குத்தானாம். கூடப்பிறந்தவள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"உயில் எழுதுனா ஆயுசு கொறையும்க்கா" என்று அழுதேன்.

"எழுதலன்னா நா சாவவே மாட்டனாட்டி? மூக்கச் சிந்திட்டுத் தள்ளி நில்லு. வாங்கப்போறவ சாட்சி போடக் கூடாதாம்."

பூக்காரம்மாவும் எங்கள் தெரு டாக்டரும் சாட்சி போட்டார்கள். அன்று அக்கா கேசரி கிண்டித் தெருவையே கூப்பிட்டு, "அறை என் தங்கச்சிக்கு" என்று உரக்கச் சொன்னார்கள்.

அக்கா கண்மூடிய அன்று அத்தானின் தம்பி மகன் பாடையைத் தூக்கவிடாமல் நின்றான்.

"வீட்ட விட்டுக்குடுங்க சித்தி, அப்பத்தான் கொள்ளி."

"தள்ளுல. நா வைக்கேன்."

பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். "கஞ்சி ஊத்துன கை கொள்ளி வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். தெருப் பெண்கள் பின்னால் வந்தார்கள். தீ வைத்தது இந்தக் கைதான்.

பிறகு அவன் வழக்குப் போட்டான். சாட்சிகள் வந்து சொன்னார்கள். உயில் நின்றது.

அந்த இருவருக்கும், வக்கீலுக்கும், என்னோடு நடந்த பெண்களுக்கும் என் கும்பிடு. அவனுக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறேன், வாசிக்கட்டும்.

நினைவுநாள் சாப்பாடு அக்காவின் அறையில்தான். எனக்கும் பிள்ளை இல்லை. நானும் உயில் எழுதிவிட்டேன். யாருக்கு என்று பந்தியில் உரக்கச் சொல்வேன். கேசரி உண்டு.