தோளைத் தொடும் வரை

18.8.1996 – போட்டி நுழைவுக் கட்டணம் – ரூ. 30
19.8.1996 – தோள்பட்டை எக்ஸ்ரே – ரூ. 110
12.1.2008 – வரவேற்பு ஃப்ளெக்ஸ், பத்தடிக்கு எட்டடி – ரூ. 640
20.1.2008 – கொட்டகை வாடகை – ரூ. 1,500
20.1.2008 – பொன்னாடை ஒன்று – ரூ. 120
12.2.2008 – இன்னொரு ஃப்ளெக்ஸ், இருபதடிக்குப் பத்தடி – ரூ. 1,600

பசுமலை ஐரின் டீச்சர் ஒரு பகையைத் தீர்த்துக்கொள்ளச் செய்த மொத்தச் செலவு இது. சரியாக நாலாயிரம் ரூபாய். பதினோரு வருடம் அடைகாத்த பகைக்கு இது ஒன்றும் பெரிய தொகையில்லை.

1996இல் ஐரினுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். கல்லூரியில் சேர்ந்த வருடமே ஜூடோ பழகப் போனவள், அந்த ஆகஸ்டில் அறுபத்தொரு கிலோ பிரிவில் மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே ஒரு பதக்கம் வாங்கிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. எதிரே நின்றவள் பாண்டிச்செல்வி. நடுவர் அழகுமலை. மாவட்ட ஜூடோ சங்கத்தின் செயலாளரும் அவர்தான், பாண்டிச்செல்விக்குத் தாய்மாமனும் அவர்தான். இதை அவர்கள் மறைக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மூட்டைப் பிடித்து நெருக்கும்போது தாங்க முடியாதவர் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு முறை தட்டுவார். 'தோற்றேன், விடு' என்று அதற்குப் பொருள். பிடித்தவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கை போய்விடும். பயிற்சிக்கூடத்தில் சேரும் எவருக்கும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இதுதான்: தட்டினால் விடு.

ஐரின் பாண்டிச்செல்வியின் வலது கையை இரு தொடைகளுக்கு நடுவில் வாங்கி முழங்கையை நீட்டினாள். பாண்டிச்செல்வி தட்டினாள். நடுவர் நின்ற பக்கத்துக்கு மறுபக்கம், ஐரினின் தொடையில், கொசு அடிப்பதுபோல மெல்ல இரண்டு தட்டு. ஐரின் விட்டுவிட்டு எழுந்தாள். வணக்கம் சொல்லக் குனிந்தவளைக் காலரோடு பிடித்துத் தூக்கிப் பாயில் அடித்தாள் பாண்டிச்செல்வி. தோள்பட்டை முதலில் விழுந்தது. அழகுமலை கையை உயர்த்தி முழுப்புள்ளி என்றார். ஜூடோவில் முழுப்புள்ளி கொடுத்தால் அதோடு ஆட்டம் முடிந்தது.

"சார், அவ தட்டுனா சார்! அதனாலதான் விட்டேன்!"

"என் கண்ணுல படலையேம்மா. நடுவர் கண்ணுல படாதது நடக்கவே இல்லைன்னு அர்த்தம். போ, போயி ஐஸ் வையி."

உடை மாற்றும் அறையில் பாண்டிச்செல்வி தலையை வாரிக்கொண்டே கேட்டாள்: "தட்டுனேன்னு சொல்றியே, யாருடி சாட்சி? உன் தொடையா?"

ஐரின் சங்கத்துக்குப் புகார் எழுதினாள். அழகுமலையின் கையெழுத்தோடு பதில் வந்தது: 'நடுவர் கண்ணில் படாத தட்டு, தட்டு ஆகாது. நடுவர் அறிவிக்கும் வரை ஆட்டம் முடிந்ததாகப் பொருள் இல்லை.' அடுத்த ஆகஸ்டில் மறுபடி எழுதினாள். அதற்கடுத்த ஆகஸ்டிலும் எழுதினாள். அவற்றுக்குப் பதிலே இல்லை. அதற்குள் பாண்டிச்செல்வி மாநிலத்தில் வெண்கலம் வாங்கி, அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்கூட்டரும் வாங்கிவிட்டாள். ஐரினுக்குத் திருநகரில் ஒரு நர்சரி பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. எல்.கே.ஜி. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்குள்ளேயே பீரியட் முடிந்துவிடும். திருமங்கலம் சாலையில் அந்த ஸ்கூட்டர் தினமும் காலையில் அவளைத் தாண்டிப் போகும். ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும்.

2006 மே மாதம் அவளுடைய அண்ணன் ஜோ லீவில் வந்தான். அபுதாபியில் எலக்ட்ரீசியன். அவன் வேலை பார்த்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று, தரையில் கிடந்தே பிடி போடும் சண்டை ஒன்றைச் சொல்லித்தந்தார்களாம். தங்கைக்குப் பிடிக்குமே என்று நாலு டிவிடியும், ஒரு போட்டியின் விதித்தாளை ஜெராக்ஸ் எடுத்தும் கொண்டுவந்திருந்தான்.

"இதுல ஒரு வகை இருக்கு பாரு. பாயிண்டே கிடையாது, டைமும் கிடையாது. தூக்கிப் போட்டாலும் ஒண்ணுமில்ல, மேல ஏறி உக்காந்தாலும் ஒண்ணுமில்ல. எவன் தட்டுறானோ அவன் தோத்தான். அம்புட்டுதான்."

ஐரின் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். ஒரு வரியின் கீழே மட்டும் நகத்தால் கோடு கிழித்தாள். எதிராளி தட்டினாலும் நடுவர் நிறுத்தும் வரை பிடியை விட வேண்டாம் என்றது அந்த வரி.

பிடிகளைக் கற்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. தட்டினால் விடும் பழக்கத்தை மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அது அவள் உடம்பிலேயே ஊறிப் போயிருந்தது. அதற்குக் கிடைத்தவர் கணவர் கிறிஸ்துராஜ், பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஹாலில் ஜமுக்காளத்தை விரித்து அவரைப் படுக்க வைப்பாள்.

"தட்டுங்க. நான் விடமாட்டேன். இன்னும் நெருக்கவும் மாட்டேன், அப்படியே வச்சிருப்பேன். நீங்களா என் தோளைத் தொட்டாத்தான் விடுவேன்."

"ஏன் ஐரினு, ஊர்ல பொம்பளைங்க கோவம் வந்தா ஒரு வாரம் பேசாம இருப்பாளுக. நீ என் கைய வச்சு வேற ஒருத்தி கைக்கு ஒத்திகை பாக்குற."

"பேசாம தட்டுங்க."

முதல் இரண்டு மாதமும் அவர் தட்டியவுடன் அவள் கை தானாக விட்டுவிட்டது. விட்டதும் எழுந்து உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். தீபாவளிக்குள் விடாமல் பிடிக்கப் பழகிவிட்டாள். கிறிஸ்துராஜ் நீளக்கைச் சட்டைக்கு மாறினார்.

2007 டிசம்பரில் ஒரு காலை, வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த பாண்டிச்செல்வியின் பக்கத்தில் ஐரின் போய்ச் சேர்ந்துகொண்டாள். ஐரின் நடக்க வருகிறவள் இல்லை. இதற்காகவே இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"அடியே ஐரினு! எங்க மாமாவுக்கு வருசா வருசம் லவ் லெட்டர் எழுதுறியாம்ல?"

"அதை நிறுத்திட்டேன். இப்ப போட்டி வைக்கிறேன், பெரியவுகளுக்கு மட்டும். வாரியா?"

"நீயா? எம்புட்டுப் பேரு வருவாக? நீ, உன் வீட்டுக்காரரு, அப்புறம்?"

"உன் வெயிட்டுல நாலு பேரு இருக்கோம். பயமா இருந்தா வேணாம். வயசாயிருச்சு, சேர்ல உக்காந்து உக்காந்து இடுப்பும்…"

"யாருக்குடி இடுப்பு? நான் இன்னும் வாரத்துல மூணு நாளு பாயில எறங்குறேன். சரி, நடுவரு யாரு? உன் ஆளு எவனாச்சும்னா நான் வரல."

"உங்க மாமாதான்."

பாண்டிச்செல்வி நின்றுவிட்டாள். பிறகு தெப்பக்குளத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "நீ திருந்தவே மாட்டடி. வாரேன் போ."

மாமாவை இழுக்க ஃப்ளெக்ஸ் ஒன்றே போதுமாக இருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட அழகுமலை, பின்னால் ஒரு சிங்கம், 'பாயில் பாயும் சிங்கமே, வருக வருக' என்ற வரி. திருநகர் ஸ்டாப்பில் கட்டியிருந்த அதைப் பார்க்க அவர் டீ குடிக்கும் சாக்கில் தினமும் வந்தார். அவரைத் தேடிப்போய் விதித்தாளைக் கொடுத்தபோது முழுதும் படித்துவிட்டு, "எங்க சங்கத்தை விடக் கறாரா இருக்கேம்மா" என்று பாராட்டினார்.

போட்டி நடந்தது 2008 ஜனவரி 20, ஞாயிறு மாலை, திருநகரில் ஒரு மாவு மில்லை ஒட்டிய ஷட்டில்காக் கொட்டகையில். பொன்னாடை போர்த்தியதும், விதிகளை அவரே மைக்கில் படித்தால்தான் கௌரவமாக இருக்கும் என்றாள் ஐரின். அழகுமலை தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். புள்ளி கிடையாது, மணி கிடையாது. குதிகாலைத் திருகுவது, விரலைப் பிடிப்பது, கழுத்தெலும்பை வளைப்பது, பிடியிலிருந்து தப்ப எதிராளியைத் தூக்கித் தரையில் மோதுவது கூடாது. வலி தாங்காமல் கத்தினால் அதுவும் தட்டியதற்குச் சமம். "எதிராளி தட்டினாலும், நடுவர் தோளைத் தொடும் வரை பிடியை விடக்கூடாது. விட்டால் ஆட்டம் தொடரும். தட்டிய பின் பிடியை இறுக்கவும் கூடாது." நல்ல கணீர்க் குரல். மில்லில் மாவு அரைக்க வந்தவர்களும் உள்ளே வந்து நின்றார்கள்.

ஐரின் ஒருத்தியையும் பாண்டிச்செல்வி ஒருத்தியையும் தட்ட வைத்து இறுதிக்கு வந்தார்கள். பாண்டிச்செல்வி இடுப்பில் வாங்கி ஐரினைச் சுழற்றிப் போட்டாள். அழகுமலையின் கை பழக்கத்தில் மேலே போய்விட்டது. "முழுப்புள்ளி!"

"புள்ளி கிடையாது சார்!" என்று மாவுக்காரர்கள் கத்தினார்கள். "நீங்கதான படிச்சீக!"

விழுந்த இடத்திலேயே ஐரின் பாண்டிச்செல்வியின் வலது கையை விடாமல் வைத்திருந்தாள். மல்லாந்தபடியே காலை அவள் முகத்துக்கு மேலே போட்டு, கையைத் தொடைகளுக்கு நடுவில் வாங்கி, இடுப்பை உயர்த்தினாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய அதே பிடி.

அதே தட்டும் வந்தது. அழகுமலைக்கு மறுபக்கம், தொடையில், மெல்ல இரண்டு.

ஐரின் விடவில்லை, இறுக்கவும் இல்லை. பாண்டிச்செல்வியின் உடம்பு ஒரு கணம் விறைத்தது. இது அவள் எதிர்பார்க்காதது. இன்னும் இரண்டு தட்டினாள், இந்த முறை ஓசை வந்தது. அழகுமலைக்குக் கேட்டது. ஆனால் அவர் குனிந்து ஏதோ ஆராய்வதுபோல எதிர்ப்பக்கம் சுற்றி நடந்தார். ஐரின் எப்படியும் விட்டுவிடுவாள் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

"சார்," என்றாள் ஐரின், கீழே இருந்தபடியே. "அவசரமே இல்ல. உங்க கண்ணுல படலைன்னா நடக்கவே இல்லைன்னு அர்த்தம். நல்லாப் பாருங்க."

பாண்டிச்செல்வி பாயில் தட்டினாள். கூட்டம் எண்ண ஆரம்பித்தது. "அஞ்சு! ஆறு!" அழகுமலைக்கு வியர்த்தது. பொன்னாடையால் துடைத்துக்கொண்டார். "ஏழு! எட்டு!"

"தொடு மாமா! தட்டிட்டேன்ல! அவ தோளைத் தொட்டுத் தொலை மாமா!"

அவர் குனிந்து ஐரினின் தோளைத் தொட்டார். ஐரின் உடனே விட்டாள். எழுந்து வணக்கம் சொன்னாள், இந்த முறை மூன்றடி தள்ளி நின்று.

பாண்டிச்செல்வியின் கை முறியவில்லை. ஒரு வாரம் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். திருநகரில் அவளுக்கு 'எட்டு' என்று பெயர் வந்துவிட்டது. ஸ்கூட்டர் வேறு வழியாகப் போக ஆரம்பித்தது.

"போதுமா?" என்று கேட்டார் கிறிஸ்துராஜ், சாப்பாட்டின்போது.

"போதாது. இது நான் வச்ச போட்டி. அவுக சீல் போட்டு எழுதணும்."

அவள் காத்திருந்தது அடுத்த வாரமே தபாலில் வந்தது. வீராங்கனைகளின் பாதுகாப்புக்கு விரோதமாக நடந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தது சங்கம். ஐரின் ஒரே வரியில் பதில் போட்டாள்: 'என் குற்றம் என்ன என்று விவரமாக எழுதினால் விளக்கம் தருகிறேன்.'

அழகுமலை விவரமாகவே எழுதினார். ஊர் சிரித்த கோபம் அவருக்கு. இரண்டு பக்கம் எழுதி, ஐரினுக்கு வாழ்நாள் தடை போட்டு, கையெழுத்தும் சீலும் வைத்து அனுப்பினார். கிறிஸ்துராஜ்தான் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"'…மேற்படி பாண்டிச்செல்வி எட்டு முறை தட்டிய பின்பும் மேற்படி ஐரின் பிடியை விடவில்லை. எதிராளி தட்டிய கணமே ஆட்டம் முடிந்ததாகும். நடுவர் பார்த்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல.' அடப்பாவி மனுசா!" கிறிஸ்துராஜ் தாளை இறக்கினார். "வாழ்நாள் தடைடி. அதுக்கு ஏன் சிரிக்கிற?"

ஐரின் பீரோவைத் திறந்து பழைய பதில் கடிதத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஃப்ளெக்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் கொட்டகையின் வெளிச்சுவரில், திருமங்கலம் சாலையைப் பார்க்க, அது ஏறியது. கொட்டகைக்காரர் வாடகை கேட்கவில்லை. இடது பாதியில் பழைய கடிதம், வலது பாதியில் புதியது, இரண்டிலும் அதே சீல், அதே அழகுமலையின் கையெழுத்து, ஆள் உயரத்துக்கு. ஐரின் தன் சொல்லாக எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும் அது வந்த நாளை மட்டும் போடச் சொல்லியிருந்தாள். இடது பக்கம் 3.3.1997. வலது பக்கம் 11.2.2008.